வானியல் பேராசிரியர் ஆக வேண்டுமா?

"இரவில் வானத்தைப் பார்த்துக் கொண்டிருப்பதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?"

வானியல் படிக்க விரும்புவதாக வீட்டில் சொல்லும் மாணவருக்குக் கிடைக்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்த கேள்வி, "ஜாதகம் கணிக்கப் போகிறாயா?" என்பதாக இருக்கும். இரண்டாம் கேள்விக்கு விடை எளிது. சோதிடத்திற்கும் வானியலுக்கும் இன்று எந்த உறவும் இல்லை. வானியல் என்பது பௌதிகத்தின் ஒரு கிளை. முதல் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். சம்பளம் கொடுக்கிறார்கள். ஆனால் வானத்தைப் பார்த்துக் கொண்டிருப்பதற்கு அல்ல! எதற்கு? அந்த இடத்தை அடைய எத்தனை படிகள் ஏற வேண்டும்? ஏறியவர்கள் எல்லோருக்கும் மேலே இடம் உண்டா? இவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இரவெல்லாம் விழித்திருப்பவரா?

வானியலாளர் என்றதும் உங்கள் மனத்தில் எழும் படம் என்ன? குளிரில் கம்பளி போர்த்திக் கொண்டு, தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் ஒரு கண்ணை வைத்துக் கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், அல்லவா? நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படம் ஓரளவு உண்மை. இன்று பெரிய தொலைநோக்கிகளில் கண் வைத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. கண்ணின் இடத்தை மின்னணு ஒளியுணரிகள் எடுத்துக் கொண்டு விட்டன. அவை ஒளியை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்பி விடுகின்றன.

சில சமயங்களில் வானியலாளர் தொலைநோக்கியின் அருகில் கூட இருப்பதில்லை. லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட இமயச் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அதை இயக்குபவர்கள் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டையில் அமர்ந்து, செயற்கைக் கோள் வழியாக ஆணைகளை அனுப்புகிறார்கள். மூச்சு வாங்கும் மலையில் கருவி, சமவெளியில் ஆள்!

பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுத வேண்டும். எந்த விண்மீனைப் பார்க்கப் போகிறீர்கள், ஏன், அதிலிருந்து எந்த ஐயம் தீரும், எத்தனை மணி நேரம் தேவை என்பவற்றை எல்லாம் சில பக்கங்களில் விளக்க வேண்டும். ஒரு குழு அதைப் படித்து முடிவு செய்யும். கேட்பவர் பலர், இரவுகளோ சில. ஆகவே பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வரும். அரும்பாடு பட்டுப் பெற்ற இரவில் மேகம் மூடிக் கொள்வதும் உண்டு. அப்போது மேகத்தின் மீது மேல்முறையீடு செய்ய முடியாது. மறுபடியும் விண்ணப்பம் எழுத வேண்டியதுதான்.

ஆக, ஓர் ஆண்டில் வானியலாளர் ஒருவர் தொலைநோக்கியோடு கழிக்கும் இரவுகளை விரல் விட்டு எண்ணி விடலாம். மற்ற நாட்களில் அவர் என்ன செய்கிறார்? எண்களோடு போராடுகிறார். கணிப்பொறிக்குக் கட்டளை நிரல் எழுதுகிறார். கணக்குப் போடுகிறார். ஆய்வுரை எழுதுகிறார். பல்கலைக் கழகத்தில் இருப்பவரானால், இவற்றோடு பாடமும் நடத்துகிறார்.

மூன்று கடமைகள்

பல்கலைக் கழக வானியலாளரின் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கற்பித்தல். இரண்டாவது, ஆராய்ச்சி. மூன்றாவது, வழிகாட்டல், அதாவது ஆய்வு மாணவர்களை உருவாக்குவதும், பிறர் எழுதிய ஆய்வுரைகளை மதிப்பிடுவதும், குழுக்களில் பணியாற்றுவதும். வெளியுலகுக்குத் தெரிவது இரண்டாவது மட்டுமே. நாளின் பெரும் பகுதியை விழுங்குவன மற்ற இரண்டும்.

கற்பித்தல் என்பது ஆராய்ச்சிக்கு இடையூறு என்று சிலர் நினைப்பார்கள். இதற்கு மறுப்பாகப் பலமுறை சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை நீங்கள் அறிவீர்கள். அவர் 1937 முதல் சிகாகோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த யெர்க்சு வானாய்வகத்தில் பணியாற்றினார். அவ்வானாய்வகம் சிகாகோ நகரில் இல்லை. சுமார் 130 கிலோ மீட்டர் தொலைவில், வேறொரு மாநிலத்தில் இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் அவர் பாடம் நடத்துவதற்காக அங்கிருந்து காரை ஓட்டிக் கொண்டு சிகாகோவுக்கு வருவார். ஒரு பருவத்தில் அவருடைய வகுப்பில் இருந்தவர்கள் இரண்டே மாணவர்கள்! இரண்டு பேருக்காக இவ்வளவு தூரமா என்று எவரும் கேட்கலாம். அந்த இருவர் பெயர் சங் தாவ் லீ, சென் நிங் யாங். இருவரும் 1957-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். ஆசிரியருக்கு அப்பரிசு வந்து சேர்ந்தது 1983-இல்தான். மாணவர்கள் முந்திக் கொண்டு விட்டார்கள்!

படிகள் எத்தனை?

இனி நம் நாட்டில் இந்த இடத்தை அடையும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பள்ளி இறுதி வகுப்புகளில் கணிதமும் பௌதிகமும் படிக்க வேண்டும். கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம், மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். "இளங்கலையிலேயே வானியல் இல்லையா?" என்று கேட்கிறீர்களா? நம் நாட்டில் மிக அரிது. ஐதராபாத்திலுள்ள உஸ்மானியாப் பல்கலைக் கழகம் போல் வானியலுக்கென்றே தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக் கழகங்கள் மிகச் சில. இதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. விண்மீன் எரிவதும், கோள் சுழல்வதும், ஒளி வளைவதும் பௌதிக விதிகளின்படியே. அடித்தளம் பௌதிகமாக இருந்தால் மேலே எந்த மாடியையும் கட்டலாம். பொறியியல் படித்து விட்டு வானியலுக்கு வந்தவர்களும் உண்டு.

அடுத்தது எம்.எஸ்ஸி. பௌதிகம், இரண்டு ஆண்டுகள். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் சேர 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. அதன் பின் முனைவர் பட்ட ஆய்வு. இதற்கு 'ஜெஸ்ட்', 'நெட்', 'கேட்' என்னும் தேர்வுகளில் ஒன்றிலோ பலவற்றிலோ தேற வேண்டும். பிறகு நேர்முகத் தேர்வு. ஆய்வுக்கு ஐந்து ஆண்டுகள், சில சமயம் ஆறு ஆண்டுகள் ஆகும்.

இங்கே பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முனைவர் பட்ட ஆய்வு, பணம் கட்டிப் படிக்கும் படிப்பு அன்று. உதவித் தொகை பெற்றுக் கொண்டு செய்யும் வேலை. தேசிய அளவிலான இளநிலை ஆய்வு உதவித் தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின், முதுநிலை உதவித் தொகை 42,000 ரூபாய். பெரிய செல்வம் அன்று; ஆனால் ஒரு மனிதர் தம் காலில் நிற்கப் போதும்.

பட்டம் பெற்றதும் பேராசிரியர் ஆகி விடலாமா? அதுதான் இல்லை! பட்டத்திற்கும் நிலையான பதவிக்கும் இடையே ஒரு நீண்ட பாலம் உண்டு. அதற்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுப் பணி என்று பெயர். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கான தற்காலிகப் பதவி அது. ஒன்று முடிந்தால் இன்னொன்று. பெரும்பாலும் இன்னொரு நாட்டில். இன்று ஜெர்மனி, மூன்று ஆண்டுகள் கழித்துச் சிலி, அதன் பின் ஆஸ்திரேலியா என்று பெட்டியைத் தூக்கிக் கொண்டு அலைபவர்கள் உண்டு. இருபத்திரண்டு வயதில் எம்.எஸ்ஸி. முடித்தவர் உதவிப் பேராசிரியராக நிலையான நாற்காலியில் அமரும்போது வயது முப்பத்து மூன்றோ முப்பத்தைந்தோ ஆகியிருக்கும். அதன் பிறகு இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்னும் படிகள்.

நம் நாட்டில் இன்னொரு நிலைமையையும் நினைவில் கொள்ளுங்கள். பெருமளவு வானியல் ஆராய்ச்சி நடைபெறுவது பல்கலைக் கழகங்களில் அன்று. தனி ஆய்வு நிறுவனங்களில். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம், மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நைனிடாலிலுள்ள ஆரியபட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவை சில எடுத்துக்காட்டுகள். கொடைக்கானல் சூரிய ஆய்வகமும், ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகமும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவையே. "அப்படியானால் சாதாரணப் பல்கலைக் கழகத்திலோ கல்லூரியிலோ வேலை பார்க்கும் ஆசிரியர் என்ன செய்வார்?" என்ற கேள்வி எழும். இதற்கு விடையாகவே 1988-இல் புனேயில் பல்கலைக் கழகங்களுக்கிடையேயான வானியல், வானியற்பியல் மையம் தொடங்கப்பட்டது. ஜெயந்த் நார்லிகர் அதன் முதல் இயக்குநர். கல்லூரி ஆசிரியர்கள் விடுமுறைகளில் அங்கு சென்று தங்கி, நூலகத்தையும் கணிப்பொறிகளையும் பயன்படுத்தி ஆராய்ச்சி செய்து விட்டு, மீண்டும் தம் வகுப்புக்குத் திரும்பலாம். சிறு நகரத்துக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துக் கொண்டே ஆய்வுரை வெளியிடுபவர்கள் இதனால் உருவானார்கள்.

ஓர் ஆய்வு எப்படி இருக்கும்?

முனைவர் பட்ட ஆய்வு என்றால் என்ன என்பதை விளக்க, வானியல் வரலாற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்படும் ஆய்வையே எடுத்துக் கொள்வோம்.

1900-இல் இங்கிலாந்தில் பிறந்த சிசீலியா பெய்ன், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் பௌதிகமும் வேதியியலும் படித்துக் கொண்டிருந்தார். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்து வந்த ஆர்தர் எடிங்டன், அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அதைக் கேட்ட இரவிலிருந்து அப்பெண்ணின் மனம் வானியலில் நின்று விட்டது. ஆனால் அன்றைய கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பாடம் சொல்லுமே தவிர, பட்டம் கொடுக்காது. 1948 வரை அந்நிலை நீடித்தது. இங்கிலாந்தில் இருந்தால் பள்ளி ஆசிரியை ஆகலாம். ஆராய்ச்சியாளர் ஆக முடியாது. எனவே 1923-இல் ஓர் உதவித் தொகையைப் பெற்றுக் கொண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே ஆயிரக்கணக்கான விண்மீன்களின் நிறமாலைகள் கண்ணாடித் தகடுகளில் படமாக்கப்பட்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே பிரித்தால், வண்ணங்களுக்கு நடுவே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித் தனிக் கோடுகள். சூரிய நிறமாலையில் கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் மிகுந்த செறிவுடன் தெரிகின்றன. ஆகவே சூரியனும் ஏறக்குறையப் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனதே; சூடு மட்டுமே வேறு என்று அன்றைய அறிஞர்கள் நம்பினார்கள்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1920-இல், கல்கத்தாவிலிருந்து மேகநாத் சாகா ஒரு சமன்பாட்டை வெளியிட்டிருந்தார். வாயுவின் வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால், அதில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது கூறும். கோட்டின் செறிவைக் கொண்டு மட்டும் பொருளின் அளவைச் சொல்ல முடியாது. வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கியது.

ஹைட்ரஜனை எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணுக்குப் புலனாகும் அதன் கோடுகள், எலக்ட்ரான் இரண்டாம் படியில் இருக்கும் அணுக்களால் மட்டுமே உண்டாகின்றன. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அந்த வெப்பத்தில் ஏறத்தாழ இருபது கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றின் எலக்ட்ரான்தான் இரண்டாம் படிக்கு ஏறியிருக்கும்! இருபது கோடியில் ஒன்று மட்டுமே வேலை செய்தும் கோடு தெளிவாகத் தெரிகிறது என்றால், மொத்த ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு பெருங்கூட்டத்தில் லட்சத்தில் ஒருவர்தான் பேசுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்படியும் பேரிரைச்சல் கேட்டால், கூட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்! அது போலத்தான் இதுவும்.

பெய்ன் கணக்கிட்டார். மற்றத் தனிமங்கள் ஒன்றுக்கொன்று கொண்ட விகிதம் பூமியில் உள்ளதைப் போலவே வந்தது. ஆனால் ஹைட்ரஜன் மட்டும் உலோகங்களைப் போல் பத்து லட்சம் மடங்கு இருப்பதாக விடை வந்தது!

விடை வந்து விட்டது, ஏற்பவர் யார்?

ஆய்வேட்டின் முன்வரைவு, பிரின்ஸ்டனில் இருந்த ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலின் பார்வைக்குச் சென்றது. அக்காலத்து அமெரிக்க வானியலில் அவர் சொல் வேத வாக்கு. இந்த விடை இயலாதது என்று அவர் எழுதி விட்டார். இருபத்தைந்து வயது நிரம்பாத ஆய்வு மாணவி என்ன செய்வார்? ஹைட்ரஜனைப் பற்றிய தம் விடை பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தம் கையாலேயே ஆய்வேட்டில் எழுதினார். 1925-இல் பட்டம் கிடைத்தது. ரஸ்ஸல் நான்கு ஆண்டுகள் கழித்து, 1929-இல், வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் ஆய்வையும் தம் ஆய்வுரையில் குறிப்பிட்டார். இன்று நமக்குத் தெரியும்: சூரியனின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன்தான்.

இக்கதையிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். ஆராய்ச்சியில் முடிவைப் பிறர் சோதிப்பது இன்றியமையாதது. அச்சோதனை இல்லாவிட்டால் தவறுகளும் உண்மைகளும் ஒன்றாகக் கலந்து விடும். ஆனால் சோதிப்பவரும் மனிதரே; அவர் பெரியவராக இருப்பதனால் மட்டுமே சரியானவர் ஆகி விடுவதில்லை. ரஸ்ஸல் தீய எண்ணத்தால் தடுத்தவர் அல்லர். அன்று இருந்த பிற சான்றுகளை வைத்து நேர்மையாகவே ஐயுற்றார். இருந்தும் இழப்பு மாணவிக்குத்தான்.

அதன் பின் வந்த ஆண்டுகளும் அவருக்கு எளியவையாக இல்லை. ஹார்வர்டில் பாடம் நடத்தினார். ஆனால் அவருடைய பாடங்கள் 1945 வரை பல்கலைக் கழகப் பாடப் பட்டியலில் இடம் பெறவில்லை. ஊதியமோ மிகக் குறைவு. அதுவும் கருவிகள் வாங்குவதற்கான கணக்கிலிருந்து கொடுக்கப்பட்டது! 1938-இல்தான் 'வானியலாளர்' என்னும் பதவிப் பெயர் கிடைத்தது. 1956-இல் பேராசிரியரானார், துறைத் தலைவரும் ஆனார். ஹார்வர்டின் கலை, அறிவியல் பிரிவில் பணி உயர்வின் மூலம் முழுப் பேராசிரியரான முதல் பெண்மணி அவரே. ஆய்வேட்டுக்கும் அந்த நாற்காலிக்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள்!

"அதெல்லாம் பழைய கதை" என்று சொல்லி விடலாமா? 2018-இல் ஹப்புள் விண்வெளித் தொலைநோக்கிக்கான விண்ணப்பங்களை மதிப்பிட்டபோது, விண்ணப்பித்தவர் பெயரை மதிப்பிடுபவர் அறியாதவாறு மறைத்து விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்கள் தலைமையிலான விண்ணப்பங்களே சற்று அதிக விகிதத்தில் தேர்வாகி வந்தன. பெயரை மறைத்த முதல் சுற்றிலேயே பெண்கள் தலைமையிலானவை சற்று முந்தின. எவரும் வேண்டுமென்று ஓரவஞ்சனை செய்தார்கள் என்பதில்லை. தெரிந்த பெயரைக் கண்டதும் மனம் தானாகச் சாய்கிறது. சாய்வை அறிந்து திருத்திக் கொள்வதும் அறிவியல் முறைதான்.

ஓர் எளிய கணக்கு

இப்போது மிக முக்கியமான கேள்விக்கு வருவோம். ஏறியவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டா?

ஒரு காகிதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு பேராசிரியர் முப்பது ஆண்டுகள் பணி செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு மாணவர் வீதம் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றாலும், ஓய்வு பெறுவதற்குள் ஏழெட்டு முனைவர்களை அவர் உருவாக்கி விடுவார். சந்திரசேகர் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை உருவாக்கினார். சரி, பேராசிரியர் ஓய்வு பெறும்போது காலியாகும் நாற்காலி எத்தனை? ஒன்றே ஒன்று! புதிய பல்கலைக் கழகங்களும் புதிய துறைகளும் தோன்றினால் நாற்காலிகள் கூடும். அவை கூடாத காலத்தில், எட்டுப் பேரில் ஏழு பேர் வேறு வேலைக்குத்தான் போக வேண்டும். இதில் திறமைக் குறைவு என்னும் பேச்சுக்கே இடமில்லை. எட்டுப் பேருமே மேதைகளாக இருந்தாலும் நாற்காலி ஒன்றுதான்.

இந்தக் கணக்கை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல், "முயன்றால் முடியாதது இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நேர்மை ஆகாது. முப்பத்து நான்கு வயதில், மூன்றாவது தற்காலிகப் பணி முடியும் தறுவாயில், "நான் தோற்று விட்டேன்" என்று நினைப்பவர்கள் பலர். அவர்கள் தோற்கவில்லை. கணக்கு அவர்களுக்கு யாராலும் காட்டப்படவில்லை, அவ்வளவே.

மற்ற ஏழு பேர் எங்கே போகிறார்கள்? வானியல் ஆய்வில் அவர் கற்பது விண்மீன்களை மட்டும் அன்று. குறையும் பிழையும் நிறைந்த பெருந்தரவிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கவும், நிரல் எழுதவும், பிழை எவ்வளவு என்று சொல்லவும், தெளிவாக எழுதிக் காட்டவும் அவர் கற்கிறார். இத்திறன்கள் விண்வெளித் துறைக்கும், வானிலைத் துறைக்கும், மருத்துவப் படக் கருவிகளுக்கும், கணினித் தொழிலுக்கும், வங்கிகளுக்கும் வேண்டும். சிலர் கோளரங்கங்களிலும் அறிவியல் இதழ்களிலும் பணியாற்றுகிறார்கள். கல்லூரி ஆசிரியராகப் போகிறவர்கள் நிறையப் பேர். 'நெட்' அல்லது மாநில அளவிலான 'செட்' தேர்வில் தேறியவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. நல்ல பௌதிக ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் கண்ணைத் திறக்கிறார். அதைத் தோல்வி என்று சொல்லும் அளவுகோல் எதுவோ, அந்த அளவுகோலில்தான் பிழை இருக்கிறது.

இன்றே என்ன செய்யலாம்?

நீங்கள் பள்ளி மாணவரா? தமிழ் வழியில் படிக்கிறீர்களா? அது இந்தப் பாதையில் தடை அன்று. கருத்துத் தெளிவு எந்த மொழியில் பிறந்தாலும் தெளிவுதான். ஆனால் உலக வானியலாளர்கள் ஆய்வுரை எழுதுவது ஆங்கிலத்தில் என்பதால், நாள்தோறும் ஒரு பக்கம் அறிவியல் ஆங்கிலம் படித்து வாருங்கள். சொற்கள் சில நூறுதான். மீண்டும் மீண்டும் அவையே வரும். கணிதத்தை விடாமல் போடுங்கள். கணிப்பொறி கிடைத்தால் நிரல் எழுதக் கற்றுக் கொள்ளுங்கள். 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட, சிலி நாட்டிலுள்ள வேரா ரூபின் வானாய்வகம் போன்றவை, மனிதர் உட்கார்ந்து பார்த்து முடிக்க இயலாத அளவுக்குத் தரவுகளைக் குவிக்கின்றன. நிரல் அறியாதவருக்கு இனி வானம் மூடிய புத்தகம்.

ஒரு சிறு பயிற்சியும் சொல்கிறேன். சனவரி, பிப்ரவரி மாதங்களின் மாலையில் ஓரியன் என்னும் வேட்டைக்காரன் கூட்டத்தைப் பாருங்கள். அதில் சிவந்து ஒளிரும் மீன் திருவாதிரை. சற்று வடமேற்கே இன்னொரு செம்மீன், ரோகிணி. இரண்டில் எது ஒளி மிக்கது? தேதி, நேரம் குறித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை எழுதி வாருங்கள். இது விளையாட்டு என்று எண்ணாதீர்கள். 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் வழக்கமான ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. வெறுங் கண்ணுக்கே வேறுபாடு தெரிந்தது. அம்மீன் வெளித் தள்ளிய தூசு மேகம் அதன் ஒரு பகுதியை மறைத்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. இந்த மங்கலை முதலில் உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் வில்லனோவாப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் எட்வர்டு கினன். அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்த ஒரு மீனை ஏறக்குறையக் கால் நூற்றாண்டாக அளந்து வந்தவர்கள். மாற்றம் ஒன்றும் இல்லாத இரவுகளையும் குறித்து வைத்திருந்ததால்தான், மாற்றம் வந்தபோது அவர்களால் சொல்ல முடிந்தது.

வானியல் பேராசிரியரின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படிப்பட்டதே. வியப்பான இரவுகள் சில. குறித்து வைக்கும் இரவுகள் பல. இடையே விண்ணப்பம், வகுப்பு, விடைத்தாள், திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வுரை. இவற்றையும் சேர்த்தே உங்களுக்குப் பிடிக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பிடிக்கிறது என்றால், கணக்கை அறிந்து கொண்டே புறப்படுங்கள். ஒவ்வொரு படியிலும் இன்னொரு தொழிலுக்குரிய திறன் ஒன்றையும் கையில் சேர்த்துக் கொள்ளுங்கள். நாற்காலி கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும், சூரியன் எதனால் ஆனது என்று கணக்கிட்டுப் பார்த்த மனம் உங்களுடையதாக இருக்கும். அதை எவரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

இன்றிரவு வானம் தெளிவாக இருந்தால், நோட்டை எடுத்துக் கொண்டு மாடிக்குச் செல்லுங்கள். முதல் வரி, இன்றைய தேதி.